கேதார்காந்தா குளிர்கால மலையேற்றம்: வழிகாட்டிகளுக்கு முழு மதிப்பெண், வாடகைக் காலணிக்குப் பூஜ்யம்

உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குக் குளிர்காலத்தில் குழுவாகப் போக நினைப்பவர்கள், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் அடிவாரத்துச் சாங்க்ரிக்காரர்கள். பயணம் நல்லபடியாக முடிந்தது அவர்களால்தான்.

டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குப் புரோலா, மோரி வழியாக வண்டியில் ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. வளைவுகள் அதிகம், குமட்டல் வருபவர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளவும். பிறகு தேவதாருவும் பைனும் ஓக்கும் அடர்ந்த ஏற்றம். ஜூடா கா தாலாப் குளம் இறுகி உறைந்து கிடந்தது.

ஏறத் தொடங்கியதுமே தலைமை வழிகாட்டி, எங்களில் மிக மெதுவாக நடந்த கோயம்புத்தூர் அம்மையாரை வரிசையின் முன்னால் நிறுத்தினார். அவரை யாரும் முந்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். உச்சிக்குப் புறப்பட்ட விடியற்காலையில்தான் அதன் அருமை புரிந்தது. செங்குத்தான பனிச்சரிவில் எங்களைத் தாண்டி விரைந்தவர்கள் ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டார்கள். எங்களில் ஒருவரும் பின்தங்கவில்லை. 3,810 மீட்டர் உயரத்தில் எல்லோரும் சேர்ந்து நின்று ஸ்வர்காரோகிணி சிகரத்தைப் பார்த்தோம். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய வழி என்று நம்பப்படும் மலை அது. அம்மையார் கைகூப்பி அழுதுவிட்டார்.

பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்கை வழிகாட்டியே மண்டியிட்டு ஒவ்வொருவருக்கும் பொருத்தினார். குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பார். ரப்பர் தளர்ந்திருந்தால் கழற்றி மறுபடி மாட்டுவார். இரவில் வெந்நீர் பாட்டிலை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். பாதம் கதகதப்பாக இருந்தது, காலையில் குடிக்கத் தண்ணீரும் உறையாமல் கிடைத்தது. ராஜ்மா, சோறு, சூப் என்று சாப்பாட்டிலும் குறை இல்லை.

ஆனால் நிறுவனம் வாடகைக்குத் தந்த காலணிகளில் சில உள்ளே ஈரமாக இருந்தன. மாற்று ஜோடி கேட்டால் கையை விரித்தார்கள். பனியில் ஈரக் காலணி போட்டு நடந்தால் விரல்களுக்கே ஆபத்து. இதை மன்னிக்க முடியாது. சொந்தமாக நல்ல காலணி வாங்கி, சில வாரங்கள் போட்டுப் பழகிவிட்டுக் கொண்டுபோங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். புத்தாண்டுக் கூட்டத்தில் உச்சிப் பாதையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஜனவரி நடுவில், வார நாட்களில் போனால் பனியும் நிறைய இருக்கும், காடும் ஓரளவு அமைதியாக இருக்கும்.