மைக் காரோவின் போக்கர் டெல்ஸ் (உடம்பு காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்) புத்தகம்: கை நடுங்கினால் ஃபோல்டு பண்ணுங்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுங்கள்

நேரில் உட்கார்ந்து போக்கர் ஆடுபவர்கள் எதிராளியின் உடம்பைப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால், 1984-இல் வந்த மைக் காரோவின் புத்தகத்தைத்தான் நான் இன்னும் முதலில் சொல்வேன். பழசுதான். படங்களில் இருப்பவர்களின் சட்டையைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும், பல உதாரணங்கள் இப்போது அதிகம் பேர் ஆடாத ஃபைவ் கார்டு டிரா என்ற போக்கர் வகையில் வருகின்றன. இருந்தாலும் வாங்குங்கள்.

தன்னை அறியாமல் காட்டிக்கொடுப்பவர்கள், வேண்டுமென்றே நடிப்பவர்கள் என்று காரோ ஆட்களை இரண்டாகப் பிரிக்கிறார். நடிப்பவர் நல்ல சீட்டு வந்தால் பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, வேண்டா வெறுப்பாக சிப்பை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையை) தள்ளுவார். கையில் ஒன்றும் இல்லையென்றால் உங்களையே முறைத்துப் பார்ப்பார். வார இறுதியில் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களிடம் இது அப்படியே எடுபடும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இதை நம்பிப் பணத்தை இறக்காதீர்கள், அவர்களுக்கும் இந்தப் பாடம் தெரியும்.

என்னைக் கேட்டால் போட்ட காசுக்கு முதல் பகுதியே போதும், அதாவது அறியாமல் செய்பவர்களைப் பற்றியது. பெட் (பந்தயம்) கட்டும்போது திடீரென்று கை நடுங்கினால் பொய்யாட்டம் (பிளஃப்), பயந்துவிட்டான் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பெரிய சீட்டு அமைந்ததும் இறுக்கம் தளர்ந்து வருகிற நடுக்கம் அது, பிளஃப் செய்பவரோ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் இன்னொன்று: ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டில், மூன்றும் ஆர்ட்டின் விழுந்தவுடன் ஒருவர் தன் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறார் என்றால் அவரிடம் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) இருக்க வாய்ப்பு குறைவு. கையிலுள்ள இரண்டு சீட்டும் ஆர்ட்டினாக இருந்திருந்தால் அது மனதில் நின்றிருக்கும், ஒன்றாவது ஆர்ட்டினா என்று பார்க்கத்தான் மறுபடி தூக்குகிறார். ஃப்ளாப்பைப் பார்த்த மறுநொடி கண் சொந்த சிப்பின் மேல் போய்த் திரும்பினால், கட்டத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம்.

குறை என்று சொன்னால், ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும் என்பதற்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும். எப்போதுமே கை நடுங்குகிறவரிடம் நடுக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, அதனால் முதலில் அவர் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள். முகத்தையே உற்றுப் பார்ப்பதும் வேண்டாம். 2009 உலகப் போக்கர் தொடரின் காட்சிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் சீட்டின் பலத்தைத் தப்பாகவே கணித்தார்கள், சிப்பைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் அவர்களைவிட நன்றாகக் கணித்தார்கள்.

இதை முடித்ததும் ஸக்கரி எல்வுட் 2012-இல் எழுதிய புத்தகத்தை எடுங்கள். ஒரே அசைவு தன் முறைக்குக் காத்திருக்கும்போது ஒன்றையும், பெட் கட்டிய பிறகு வேறொன்றையும் சொல்லும் என்பதை அவர்தான் பிரித்துக் காட்டுகிறார். பெரிய பெட் கட்டிவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு சாவகாசமாக இருப்பவரைப் பற்றிய இடத்தை நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலும் அவர் கையில் நல்ல சீட்டு இருக்கும்.