கூகுள் லாகின் வைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் முதலில் கேளுங்கள்: சாவி யார் பெயரில்?

சொந்தமாக இணையதளம் நடத்துகிறவர்கள், அதில் கூகுள், பேஸ்புக் லாகின் வைக்க வெளியாளிடம் வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தென்காசியில் நானும் என் மனைவியும் டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுத் தளம் ஒன்றை நடத்துகிறோம். கேள்விகளை நாங்களே தயாரிக்கிறோம். மூன்று மாதத்துக்கு 299 ரூபாய். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று பிள்ளைகள் தினமும் போன் செய்வார்கள். அதற்காகத்தான் ஒரு நிறுவனத்திடம் இந்த லாகின் வேலையைக் கொடுத்தோம். கொட்டேஷன் 28,000 ரூபாய். பத்து நாளில் முடித்தார்கள். பட்டனைத் தொட்டால் உள்ளே போகிறது. மீதிப் பணத்தை அன்றே அனுப்பிவிட்டோம். அவர்கள் சொன்னபடி பழைய பாஸ்வேர்டு முறையையும் எடுத்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருடம் கழித்து, ஆண்டுப் பராமரிப்பு என்று 18,000 ரூபாய்க்கு பில் வந்தது. கொட்டேஷனில் அப்படி ஒரு வரியே கிடையாது. எதைப் பராமரித்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டு வாரம் போனது. குரூப் 4 தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது காலை ஆறு மணிக்கு முதல் போன். "சார், உள்ளயே போக மாட்டேங்குது." நான் போட்டுப் பார்த்தேன். கூகுள் பக்கம் வந்து 'எரர் 401, டெலீட்டட் கிளையன்ட்' என்று நின்றுவிட்டது. பேஸ்புக் வழியும் அடைபட்டிருந்தது. எட்டு மணிக்குள் என் போனிலும் மனைவியின் போனிலும் அறுபது அழைப்புகள்.

நிறுவனத்துக்காரரைக் கூப்பிட்டேன். "அது எங்க ப்ராஜெக்ட் சார். தேவையில்லாததை எல்லாம் க்ளீன் பண்ணிட்டோம். பராமரிப்புப் பணத்தைக் கட்டிடுங்க, புதுசா வெச்சுத் தர்றோம்."

எங்க ப்ராஜெக்ட் என்றால் என்ன? ஒரு தளத்தில் கூகுள் லாகின் வைக்க வேண்டுமானால், கூகுளின் கிளவுட் கன்சோலில் (டெவலப்பர்களுக்கான கூகுளின் நிர்வாகப் பக்கம்) ஒரு ப்ராஜெக்ட் தொடங்கி, கிளையன்ட் ஐடி, கிளையன்ட் சீக்ரெட் என்ற இரண்டையும் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் சாவி. எந்த ஜிமெயில் கணக்கில் ப்ராஜெக்ட் தொடங்கினார்களோ, அந்தக் கணக்குக்காரர் கையில்தான் சாவி. பெயர், மின்னஞ்சல் மட்டும் கேட்கிற சாதாரண லாகினுக்கு கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. என் கணக்கில் தொடங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அவர்கள் தங்கள் கணக்கில் தொடங்கி, அதை என்னிடம் சொல்லவே இல்லை. தளம் என்னுடையது, பிள்ளைகள் என்னை நம்பி வந்தவர்கள், பூட்டும் சாவியும் அவர்களிடம்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது சென்னையில் டெவலப்பர். அன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். என் பெயரில் புது ப்ராஜெக்ட், புது கிளையன்ட் ஐடி. சாயங்காலத்துக்குள் கூகுள் வழியாக வந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். மின்னஞ்சல் இருந்ததால் பழைய கணக்கோடு சேர்ந்துகொண்டது.

பேஸ்புக்தான் எங்களைக் கொன்றது. கூகுளில் ப்ராஜெக்ட் மாதிரி, பேஸ்புக் லாகினுக்கு பேஸ்புக்கில் ஒரு 'ஆப்' தொடங்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு 'ஆப்'-க்கும் பேஸ்புக் வெவ்வேறு எண் கொடுக்கிறது. 2014-லிருந்து இந்த முறைதான். பழைய ஆப்பில் ஒரு எண்ணாக இருந்த பையன், என் புது ஆப்பில் வேறு எண்ணோடு வருகிறான். எங்கள் தளத்துக்கு அவன் புது ஆள். மின்னஞ்சலை வைத்துச் சேர்க்கலாமே என்றால், செல்போன் எண்ணை வைத்துப் பேஸ்புக் தொடங்கியவர்களுக்கு மின்னஞ்சலே இருக்காது. எங்களிடம் அப்படி 212 பேர். பணம் கட்டியவர்கள், எழுதிய தேர்வுகளின் மதிப்பெண் எல்லாம் பழைய கணக்கில் கிடக்கிறது, ஆள் வெளியே நிற்கிறார்.

ஐந்து ராத்திரி என் மனைவி நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் பணம் கட்டியபோது மெசேஜில் வந்த யுபிஐ பரிவர்த்தனை எண்ணைப் போனில் சொல்லச் சொல்லி, பன்னிரண்டு இலக்கத்தையும் எழுதி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, கணக்கைக் கையால் சேர்த்தோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள், மூன்றாம் நாள்தான் லைனில் கிடைத்தாள். "மூணு நாள் போச்சே சார்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வேலைக்கு நடுவில்தான் இன்னொன்று வெளியே வந்தது. மாணவி தன் திரையை எனக்குக் காட்டிக்கொண்டே எஃப்12 தட்டினாள். பிரவுசருக்குள் நடப்பதைக் காட்டும் பகுதி அதில் திறக்கும். லாகின் பட்டனை அழுத்தியதும் பிரவுசரிலிருந்து எங்கள் சர்வருக்கு என்ன போகிறது என்று காட்டினாள். வெறும் பெயரும் மின்னஞ்சலும். உள்ளே வருவது இன்னார்தான் என்று கூகுள் டிஜிட்டல் கையெழுத்திட்டுத் தருகிற சீட்டுதான் டோக்கன். அதை அந்த நிறுவனம் சர்வருக்கு அனுப்பவே இல்லை. "சார், இப்ப பாருங்க" என்று தன் மின்னஞ்சலை அழித்து என்னுடையதைப் போட்டு அனுப்பினாள். அட்மின் பக்கம் திறந்துகொண்டது. எல்லாப் பிள்ளைகளின் பெயர், செல்போன் எண், இன்னும் வெளியிடாத கேள்வித்தாள்கள், எல்லாம் அவள் திரையில். ஒரு வருடமாக யார் வேண்டுமானாலும் இப்படி நுழைந்திருக்கலாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிரவே அந்த வழியை அடைத்தோம்.

சரியான முறை என்னவென்றால், டோக்கன் சர்வருக்குப் போக வேண்டும். அதில் இருப்பது கூகுளின் கையெழுத்துதானா, என் கிளையன்ட் ஐடிக்காகக் கொடுத்ததுதானா, நேரம் தாண்டவில்லையா என்று சர்வர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே விட வேண்டும். இதற்கு கூகுளே இலவசமாக லைப்ரரி, அதாவது எழுதிவைத்த கோட், தருகிறது. அதைச் செய்யாமல் விட்டதை அவசரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டன் வேலை செய்தால் வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே லாகின் வைத்திருப்பவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தளத்தில் கூகுள் பட்டனை அழுத்துங்கள். கூகுள் பக்கம் வந்ததும் மேலே முகவரியில் கிளையன்ட் ஐடி இருக்கும். அதில் சிறு கோட்டுக்கு (-) முன்னால் உள்ள நீளமான எண்தான் ப்ராஜெக்ட் எண். உங்கள் ஜிமெயிலில் கூகுள் கன்சோலைத் திறந்தால் அதே எண்ணுள்ள ப்ராஜெக்ட் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால், சண்டை எதுவும் வருவதற்கு முன்னால், நல்ல உறவில் இருக்கும்போதே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வைக்கிறவர்கள் ப்ராஜெக்டையும் பேஸ்புக் ஆப்பையும் உங்கள் கணக்கில் தொடங்கி, வேலை செய்பவரை அதில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அவரை நீக்கி, சீக்ரெட்டைப் புதிதாக மாற்றுங்கள். எஃப்12 சோதனையை உங்கள் கண்முன்னே செய்துகாட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு மீதிப் பணம். அப்புறம், ஓடிபி லாகின் ஒன்றையும் கூடவே வைத்திருங்கள். நாங்கள் இப்போது வைத்திருக்கிறோம்.

கொடுத்த 28,000 திரும்பி வரவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, இன்னும் 19 பேரின் கணக்கு சேராமல் கிடப்பது. எங்கள் தளத்தில் பேஸ்புக் வழியாக வந்து பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய மெசேஜை அழித்துவிடாதீர்கள். தளத்தின் உதவிப் பக்கத்தில் அதிலுள்ள யுபிஐ பரிவர்த்தனை எண்ணை மட்டும் போடுங்கள், அன்றைக்கே சேர்த்துவிடுகிறோம். கெடு முடிந்திருந்தாலும் மூன்று மாதம் புதிதாகத் தருகிறோம்.