ஹம் இல்லை, எர்த்தும் இல்லை: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வால்வ் ஆம்ப் வாங்குவோர் கவனத்துக்கு

"ஹம் துளிகூட இல்ல சார், ஸ்பீக்கர்ல காதை வச்சுப் பாருங்க." கிருஷ்ணகிரியில் ஆர்டரின் பேரில் அசெம்பிள் செய்து கொடுத்தவர் 42,000 ரூபாயை வாங்கிக்கொண்டு சொன்னது இது. (ஹம் என்றால் ஸ்பீக்கரில் வரும் 'உம்ம்' இரைச்சல்.) நான்கு ஈ.எல்.34 பவர் வால்வு போட்ட ஸ்டீரியோ ஆம்ப். ஹம் ஏன் இல்லை என்பது அடித்தட்டைத் திறந்ததும் தெரிந்தது. வெளியே மூன்று பின் பிளக், உள்ளே எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார். ஃப்யூஸ் ஹோல்டரில் ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி. கேட்டால், "எர்த் கொடுத்தா ஹம் வரும், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்கிறார். பணம் திரும்ப வரவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் விட்டால் மெயின்ஸ் 230 வோல்ட் நேராகச் சேசிஸுக்கு (ஆம்ப்பின் உலோக உடல்) வரும். எர்த் இருந்தால் ஃப்யூஸ் போகும். இல்லையென்றால் வால்யூம் திருகைத் தொடுகிறவர் உடம்புதான் எர்த்.

ஹம்மை நிறுத்த வேறு வழி உண்டு. எர்த் வயர் நேராகச் சேசிஸில் தனி போல்ட்டில், பல் வாஷரோடு. டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்த்து மாட்டக் கூடாது. கேபிளை யாராவது இழுத்தால் கடைசியாக அறுபடும்படி ஃபேஸ் வயரைவிட அது நீளமாக இருக்கட்டும். சிக்னல் கிரவுண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதற்கு இணையாக எதிரெதிர்த் திசையில் இரண்டு பெரிய டயோடு. எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வரும் லூப் ஹம் அடங்கும், பாதுகாப்பும் போகாது. பிளக் எர்த் பின்னிலிருந்து சேசிஸுக்கு மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். வீட்டு சாக்கெட்டிலும் ஃபேஸ்-எர்த் 230 வருகிறதா பாருங்கள். பல வீடுகளில் அந்தப் பெரிய ஓட்டை வெறும் ஓட்டைதான்.

அடுத்தது டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி 330 வோல்ட், அதை டி.சி. ஆக்க பிரிட்ஜ் டயோடு. வால்வு சூடாகும்வரை லோடு இல்லை. அந்த நேரம் 330 × 1.414 = 467 வோல்ட். அவர் போட்டது ஒற்றை 47 மைக்ரோஃபேரட், 450 வோல்ட். ராத்திரி பம்புசெட்டெல்லாம் நின்று லைன் 250-க்கு ஏறினால் 507. வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 100 மைக்ரோஃபேரட் 350 வோல்ட் இரண்டை சீரிஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கே (கிலோ ஓம்) 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். வோல்டேஜ் சமமாகப் பிரியும், ஆஃப் செய்தபின் ஏறக்குறைய 50 செகண்டில் 50 வோல்ட்டுக்கு இறங்கவும் செய்யும். கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும்.

இந்த செட்டில் பிளீடரே (ஆஃப் செய்தபின் சார்ஜை இறக்கும் ரெசிஸ்டர்) இல்லை. வால்வு சூடாக இருக்கையில் ஆஃப் செய்தால் வால்வே சார்ஜைக் குடித்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வால்வைக் கழற்றிவிட்டு ஆன் செய்து ஆஃப் செய்தால் பத்து நிமிடம் கழித்தும் 300-க்கு மேல் நிற்கிறது. திறக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்காமல், 2.2 கே 10 வாட் ரெசிஸ்டரை க்ளிப் போட்டு இறக்கி, மீட்டரில் பார்த்தபின் கை வையுங்கள்.

டிரைவர் வால்விலிருந்து பவர் வால்வுக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டரை 250 வோல்ட்டில் போட்டிருந்தார். தொடக்கத்தில் டிரைவர் பிளேட்டில் முழு ஹெச்.டி. (உயர் டி.சி. வோல்டேஜ்) ஏறும், 630 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அது லீக் ஆனால் பவர் வால்வு கிரிட்டில் இருக்க வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜ் இல்லாமல் போய், வால்வு பிளேட் செக்கச் சிவந்துவிடும். வால்வு கரன்ட்டைப் பார்க்க, கத்தோடில் 1 ஓம் வைத்து 40 மில்லிவோல்ட் என்றால் 40 மில்லிஆம்ப். 430 வோல்ட்டில் அது 17 வாட், ஈ.எல்.34-இன் எல்லை 25.

ஃப்யூஸ் ஸ்லோ ப்ளோ வகையாக இருக்கட்டும். ஸ்பீக்கர் கருப்பு டெர்மினலும் எர்த்தோடு சேர வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் தடுங்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் அடித்தட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "திறந்தா வாரன்டி போயிடும்" என்றால் வாங்காதீர்கள்.