தேன்மெழுகு ஹெம்ப் திரி: பற்றவைக்கவா, மெழுகுவர்த்தி வார்க்கவா?

ஹெம்ப் நாரை முறுக்கி, உருக்கிய தேன்மெழுகில் முக்கியெடுத்து, சுருளாகச் சுற்றி விற்கும் திரிக்கு இரண்டு வேலைகள் சொல்லப்படுகின்றன. புகையிலை பிடிக்கும் பைப்பைப் பற்றவைப்பது ஒன்று. வீட்டில் மெழுகுவர்த்தி வார்க்கும்போது நடுத்திரியாக நிறுத்துவது இன்னொன்று. ஒரு சுருளை வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றவைக்க அது அருமையான பொருள். மெழுகுவர்த்தியின் நடுவே நிற்க, பருத்திப் பின்னல் திரிதான் அதைவிடத் தகுதியானது.

முதலில் நாரைப் பற்றி. கஞ்சா இனச் செடியின் தண்டுப் பட்டையிலிருந்து உரிப்பதுதான் ஹெம்ப் நார். போதைப்பொருள் மிகமிகக் குறைவாக உள்ள வகைகளையே நாருக்காகப் பயிரிடுகிறார்கள். இந்தியாவில் அதற்கு உரிமம் கொடுத்த முதல் மாநிலம் உத்தராகண்ட், 2018-இல். மளிகைக்கடையில் சணல் கயிறு என்று கிடைப்பது வேறு செடியின் நார். விலை குறைவு என்று அதை மெழுகில் முக்கி மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். ஆலையில் சணல் நாரை இளக்குவதற்குக் கனிம எண்ணெய் தெளிப்பது வழக்கம். கொளுத்தினால் தேன்மெழுகின் மணத்துக்கு முன்னால் அந்த எண்ணெய் வாடைதான் மூக்கில் ஏறும்.

மெழுகு பூசிய நூலைச் சுருட்டி வைத்து, வேண்டிய அளவு மட்டும் நீட்டிக் கொளுத்துவது பழைய பழக்கம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடிதங்களுக்கு அரக்கு முத்திரை வைக்க, மேசைமேல் ஒரு தாங்கியில் மெல்லிய மெழுகுத் திரியைச் சுற்றி வைத்திருப்பார்கள். பிரான்சில் மதுக்கிடங்குகளுக்குள் இறங்குவோர் கையிலும் அதே மாதிரிச் சுருள் இருந்தது. இப்போதைய ஹெம்ப் திரியைப் பரப்பியவர்கள் அமெரிக்கா, கனடா பக்கத்துக் கஞ்சா புகைப்பவர்கள். லைட்டரின் பியூட்டேன் வாயுவை உள்ளே இழுக்க வேண்டாமே என்பது அவர்கள் எண்ணம். புகையிலை பைப் பிடிப்பவர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பைப்புக்கு எந்த நெருப்பு நல்லது என்று பார்க்க, பைப் எப்படிப் பற்றுகிறது என்பது தெரிய வேண்டும். முதல் முறை கொளுத்தும்போது மேலிருக்கும் புகையிலை மட்டும் கருகி, உப்பி எழும். அதை மெதுவாக அழுத்திவிட்டு இரண்டாம் முறை கொளுத்தினால்தான் கனல் நிற்கும். ஆகவே சுடர் கொஞ்ச நேரம் நீடிக்க வேண்டும். இழுக்கும்போது கீழ்நோக்கி வளைய வேண்டும். வாடை இருக்கக் கூடாது. புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் விளிம்பைச் சுடக் கூடாது. நல்ல பைப்புகள் மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் பிரையர் புதரின் வேர்க்கட்டையில் செய்யப்படுபவை. விளிம்பு ஒருமுறை கருகினால் பழையபடி ஆகாது.

தீக்குச்சி இதில் பாதி தேறும். அதன் மரச்சுடர் மென்மையானது, வாடையும் அநேகமாக இல்லை. ஆனால் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. உரசியதும் கிண்ணத்தருகே கொண்டுபோனால் முதல் இழுப்பே கந்தகம்தான். தலை முழுக்க எரிந்து, மரம் பற்றும் வரை பொறுக்க வேண்டும். பொறுத்தபின் மிஞ்சுவது சில நொடிகளே என்பதால் ஒரு பைப்புக்கு இரண்டு மூன்று குச்சிகள் போய்விடும்.

இங்கே நம்மூர் மெழுகுத் தீக்குச்சியை மறந்துவிடக் கூடாது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கப் பரவியது. அங்கே செய்யும் மெழுகுக் குச்சியின் தண்டு மரமல்ல, மெழுகு ஏறிய சுருட்டிய காகிதம். இங்கிலாந்தில் வில்லியம் நியூட்டன் 1832-இல் காப்புரிமை பெற்ற மெழுகுக் குச்சியில் தண்டு மெழுகுக்குள் பொதிந்த பருத்தி நூல். கட்டமைப்பைப் பார்த்தால் ஹெம்ப் திரிக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்: தலையில் மருந்து வைத்த குட்டித் திரி. சுடர் மரக்குச்சியைவிட நிதானமானது. தண்டு வளைவதும் மெழுகு சொட்டுவதும் குறைகள். பெட்டிக்கடையில் கிடைக்கும் பொருள்களில் பைப்புக்கு நான் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான்.

பியூட்டேன் லைட்டரை அநியாயமாகத் திட்டுகிறார்கள். சுத்தமான பியூட்டேன் எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும்தான். வாடை வந்தால் மலிவான நிரப்பு வாயுவின் கலப்படத்தைச் சந்தேகிக்க வேண்டும். பைப்புக்கென்றே சுடர் பக்கவாட்டில் வரும்படி செய்த மஞ்சள் சுடர் லைட்டர்கள் இருக்கின்றன, அவை நல்லவை. நீலமாகச் சீறும் ஜெட் லைட்டர் வேண்டவே வேண்டாம். அது புகையிலையைப் பற்றவைப்பதற்கு முன் விளிம்பைச் சுட்டுவிடும். ஜிப்போ மாதிரி திரவ எரிபொருள் லைட்டரில் காற்று அணைக்காது என்ற வசதி உண்டு. பைப்புக்காகச் சுடரைச் சுற்றிய கூண்டின் பக்கவாட்டில் துளையிட்ட வகையும் விற்கிறார்கள். முதல் சில இழுப்புகளில் பெட்ரோல் வாடை வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது ஹெம்ப் திரி. சுடர் மஞ்சள், மென்மை, வேண்டிய மட்டும் நீடிக்கும். அவசரமில்லாமல் கிண்ணத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றலாம், இழுத்தால் சுடர் பணிந்து உள்ளே இறங்கும். இவ்வளவு சாவகாசம் வேறு எதிலும் இல்லை. ஆனால் திரியைப் பற்றவைக்க இன்னொரு நெருப்பு வேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. கனத்த பூச்சுள்ள திரியைச் சாய்த்தால் புகையிலைமேல் மெழுகு சொட்டும். கிட்டே பிடித்தால் விளிம்பில் கரி படியும். சுடர் அணைந்த பின்னும் நார் கனன்றுகொண்டே இருக்கும். ஈரவிரலால் நுனியை நசுக்கி, கனல் போனதைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். மின்விசிறிக்கடியில் பயன்படாது.

இரண்டு விளம்பர வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுடரின் வெப்பம் குறைவு, அதனால் சுவை கெடாது என்பது முதல் வாதம். பியூட்டேன் சுடர் கொள்கையளவில் 1,900 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடியது. மெழுகுச் சுடரின் மிகச் சூடான பகுதி ஏறத்தாழ 1,400. வித்தியாசம் உண்மை. ஆனால் பற்றிக்கொண்ட புகையிலையின் கனலே பல நூறு டிகிரி இருக்கும். அந்தக் கனலுக்கு யார் பற்றவைத்தார்கள் என்பது தெரியாது. முதல் ஓரிரு இழுப்போடு அந்த லாபம் தீர்ந்துவிடும். இயற்கைப் பொருள், ஆகவே உடலுக்கு நல்லது என்பது இரண்டாவது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். தேன்மெழுகு எரிந்தாலும் கரித்துகள் வரும். புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் எதனால் கொளுத்தினாலும் அப்படியே உள்ளே போகும். பைப்பை ஆபத்தில்லாததாக்கும் நெருப்பு எதுவும் கிடையாது. திரியை அதன் சௌகரியத்துக்காக வாங்கலாம், ஆரோக்கியத்துக்காக வாங்கக் கூடாது.

வீட்டுக்குள் உட்கார்ந்து பிடிப்பவருக்கு ஹெம்ப் திரி முதலிடம், வெளியே போகிறவருக்கு மஞ்சள் சுடர் பியூட்டேன் லைட்டர். மெழுகுக் குச்சி இரண்டு இடத்திலும் துணைக்கு நிற்கும்.

மெழுகுவர்த்தியில் கணக்கே வேறு. அங்கே திரி எரிபொருள் அல்ல, எரிபொருளை ஏற்றும் வழி. சுடரின் சூட்டில் உருகிய மெழுகு நாரிடுக்குகள் வழியே மேலேறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஏறும் வேகமும் எரியும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஏற்றம் குறைந்தால் சுடர் சிறுத்து, நடுவில் குழி விழுந்து, ஓரத்து மெழுகு உருகாமல் சுவராக நிற்கும். கூடினால் புகையும் கரியும்.

1825-க்கு முன் மெழுகுவர்த்தித் திரிகள் வெறும் முறுக்கு நூல்தான். அவை நிமிர்ந்தே நிற்கும். நுனி சுடருக்குள், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டு கரியாகச் சேரும். அதை வெட்டுவதற்கென்றே வீடுகளில் தனிக் கத்தரி இருந்தது. அந்த ஆண்டு பிரான்சில் கம்பாசெரெஸ் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னல் எரியும்போது தானாக ஒரு பக்கம் வளையும். நுனி சுடரின் வெளி ஓரத்துக்கு வந்து, காற்றுப் பட்டு, சாம்பலாகி உதிரும். நூலைப் போராக்ஸ் போன்ற உப்புக் கரைசலில் ஊறவைக்கும் வழக்கமும் சேர்ந்து, கத்தரிக்கு வேலை குறைந்தது.

கடையில் கிடைக்கும் ஹெம்ப் திரி பெரும்பாலும் அந்தப் பழைய முறுக்கு வகை. தடித்த மெழுகுவர்த்தியில் வைத்தால் வளையாமல் நின்று, நுனியில் கரிமொட்டு கட்டி, புகைய ஆரம்பிக்கும். நாரின் குறை அல்ல இது, முறுக்கின் குறை. பின்னிய ஹெம்ப் திரி கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாம்.

தேன்மெழுகு விஷயத்தில் இந்தக் குறை இன்னும் கூடும். அது 62 முதல் 64 டிகிரியில் உருகும். உருகினாலும் பாரஃபினைவிடக் குழைவானது, லேசில் மேலேறாது. அதனால் பாரஃபினுக்குப் போதுமான திரி தேன்மெழுகில் திணறும். ஒரு படி பெரிய திரி வேண்டும். பருத்தியிலேயே தட்டைப் பின்னல், சதுரப் பின்னல் என்று இரண்டு உண்டு. தட்டைப் பின்னல் பாரஃபினில் வார்க்கும் ஒல்லி வர்த்திகளுக்கு நன்றாக ஒத்துப்போகும். தேன்மெழுகுக்குச் சதுரப் பின்னல்தான்; உள்ளே இடம் அதிகம், குழைவான மெழுகை அது ஏற்றிவிடும், எளிதில் அடைபடாது. ஒல்லியான வர்த்திக்கு 2/0 என்று எண்ணிட்ட திரி அளவில் தொடங்கி, விட்டம் கூடக்கூடத் திரியை ஏற்றிக்கொண்டே போகலாம்.

பூஜைக்கு வாங்கும் பஞ்சுத் திரியைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அது நல்லெண்ணெய் மாதிரி நீர்த்த எண்ணெய்க்குத் தோதாகத் தளர்வாகத் திரித்தது. மெழுகில் சரிந்துவிடும், இல்லையென்றால் புகையும். மரத்திரி கண்ணாடி ஜாடிக்குள் ஊற்றும் மென்மையான சோயா மெழுகுக்கு ஏற்றது, தேன்மெழுகில் அடிக்கடி மூழ்கி அணையும். துத்தநாகக் கம்பி வைத்த திரி நிமிர்ந்து நிற்கும், ஆனால் இயற்கை மெழுகை விரும்பி வாங்கியவருக்கு உள்ளே உலோகம் எதற்கு? ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003-இல் தடைசெய்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய கம்பித் திரி கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

ஹெம்ப் திரிக்கு இங்கேயும் கொஞ்சம் இடம் உண்டு. விரலளவு ஒல்லியான முக்கு வர்த்தி, சின்ன டீலைட், இவற்றில் அது சரியாகவே எரிகிறது. மெழுகு ஏற்கெனவே ஏறியிருப்பதால் அச்சில் நேராக நிறுத்துவதும் சுலபம்.

எந்தத் திரியானாலும் மெழுகு அழுக்காக இருந்தால் தோற்கும். மார்த்தாண்டத்து வளர்ப்புப் பெட்டி மெழுகோ, கோத்தகிரிப் பக்கத்து மலைத்தேன் மெழுகோ, பச்சையாக வாங்கினால் தேன் துளியும் மகரந்தத் தூளும் கலந்தே வரும். அவை நாரிடுக்கை அடைத்துவிடும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் எவர்சில்வர் பாத்திரம் வைத்து உருக்கி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பும் செம்பும் பித்தளையும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். 85 டிகிரிக்கு மேல் போனாலும் நிறம் மங்கும்.

பிறகு சோதனை. ஒரே அச்சு, ஒரே மெழுகு, திரி மட்டும் வேறு வேறாக மூன்று வர்த்திகள் வார்த்து, அருகருகே, காற்றில்லாத இடத்தில், ஆளிருக்கும்போதே எரியவிடுங்கள். விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் உருகிய மெழுகு ஓரத்தை நெருங்கியிருக்க வேண்டும். நெருங்காவிட்டால் திரி சிறியது. சுடர் துள்ளிப் புகைந்தால் பெரியது. மறுபடி கொளுத்துமுன் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். அடிவரை எரிந்துபோன ஜாடி மெழுகுவர்த்தியில் தீக்குச்சி எட்டாது; அங்கே ஹெம்ப் சுருளில் ஒரு சாண் வெட்டியெடுத்து நீட்டலாம். சுருளோடு சேர்த்துப் பிடித்துக் கொளுத்த வேண்டாம்.