ஏர்பேக் லைட் எரிந்தால் பெல்ட்டை மாற்றுவதா, ஒயரைப் பார்ப்பதா?

புது சீட் கவர் போட்டு 2 வாரம்கூட ஆகவில்லை, டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரிய ஆரம்பித்தது. ஒரு நாள் எரியும். மறுநாள் வண்டியைக் கிளப்பியதும் சில நொடியில் அணைந்துவிடும். அடுத்த நாள் மறுபடி எரியும். காரை நானும் என் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறோம். லைட் எரிந்ததெல்லாம் அவர் ஓட்டிய நாட்கள் என்பது 10 நாள் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. அவர் என்னைவிட உயரம் குறைவு, சீட்டை நன்றாக முன்னால் இழுத்துக்கொண்டுதான் உட்காருவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழி சரி என்று எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

இது பெல்ட் போடவில்லை என்று பீப் பீப் என்று கத்துகிற சிவப்பு லைட் இல்லை. 2019 ஜூலைக்குப் பிறகு அந்த பீப் சத்தமும் டிரைவர் ஏர்பேக்கும் நம் நாட்டில் கட்டாயமாகிவிட்டதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நான் சொல்வது, ஒரு ஆள் உட்கார்ந்திருக்க அவர் முன்னால் பலூன் வரைந்த லைட். இது எரிந்தால் ஏர்பேக்கில்தான் கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். மோதும்போது பெல்ட்டை உடம்போடு இழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனரும், ஏர்பேக்கை இயக்கும் அதே மாடியூலின் (சின்ன கம்ப்யூட்டர் பெட்டி) கண்காணிப்பில்தான் இருக்கிறது. 1981இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இரண்டும் சேர்ந்தே வந்தன. அந்த உறவு இன்றுவரை தொடர்கிறது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். 'டிரைவர் பக்க ப்ரீடென்ஷனர், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம்' என்று கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடு, வந்தது. "பக்கிளோட முழு செட்டா மாத்தணும் சார்" என்று 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே எஸ்டிமேட் போட்டார்கள். மாற்றியும் லைட் எரிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்புறம் மாடியூல் பார்க்கணும்." அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கோடு சொல்வது அந்தச் சுற்றில் எங்கோ தடை கூடியிருக்கிறது என்பதை மட்டும்தான். மாடியூலில் புறப்பட்டு, தரை ஒயர், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர், பக்கிளுக்குப் போகும் குட்டை ஒயர், கடைசியில் ப்ரீடென்ஷனருக்குள் மின்சாரத்தால் பற்றிக்கொண்டு அதை வெடிக்கவைக்கும் திரி வரை எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று. அதில் எது கெட்டது என்று கோடு சொல்லாது.

அடுத்து நான் போனது எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர், "அண்ணா, இந்தக் கனெக்டர்தானுங்க தொந்தரவு. வெட்டிப்போட்டு நேரா சால்டர் வெச்சுட்டா சோலி முடிஞ்சுதுங்க" என்றார். 300 ரூபாய். அவர் கணிப்பில் தப்பில்லை, பின்னால் அதுவே உண்மையானது. வைத்தியம்தான் எனக்குச் சரிப்படவில்லை. சீட் தினமும் நகர்கிற இடம் அது. சால்டர் ஏறிய ஒயர் விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில்தான் மடங்கி மடங்கி இழை அறும். அதோடு அந்த மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கிறது. கழற்றியதும் அது திரியின் இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிடும், கையிலிருக்கும் ஸ்டேடிக் மின்சாரம்கூட திரியைப் பற்றவைக்கக் கூடாது என்பதற்காக. வெட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போகும். நாளைக்கு சீட்டைக் கழற்ற வேண்டுமென்றாலும் மறுபடி ஒயரை வெட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி, திரிக்குப் பதிலாக அதே அளவு தடை தரும் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து, ஸ்கேனரில் ஓம் அளவைப் (தடையை அளக்கும் அலகு) பார்த்துக்கொண்டே சீட்டை நகர்த்துவது. நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ப்ரீடென்ஷனர் திரியின் தடை ஏறத்தாழ 2 ஓம். மாடியூல் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி இந்த 2 ஓம் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். விபத்து நேரத்தில் 1.2 ஆம்பியர் அளவு மின்சாரம் 2 மில்லிசெகண்டு போனால் போதும், திரி பற்றிக்கொள்ளும். 2 ஓம் என்பது எவ்வளவு சின்ன அளவு என்று யோசித்துப் பாருங்கள். கனெக்டர் பின்னில் லேசாகக் களிம்பு பிடித்தாலே ஒன்றிரண்டு ஓம் கூடிவிடும். காரில் எத்தனையோ சென்சார் ஒயர்களில் இப்படி 2 ஓம் கூடினால் யாருக்கும் தெரியாது. இங்கே அது அளவையே இரட்டிப்பாக்கிவிடுகிறது, லைட் எரிகிறது. 'ரெசிஸ்டன்ஸ் அதிகம்' என்ற கோடு, அதுவும் விட்டு விட்டு வந்தால், பொருளைவிடத் தொடுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். திரியே கெட்டிருந்தால் சீட்டை நகர்த்துவதற்கும் லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

விட்டு விட்டு வரும் கோளாறை வண்டி சும்மா நிற்கும்போது பிடிக்க முடியாது. சர்வீஸ் சென்டரில் சீட் பின்னால் தள்ளியே இருந்தது, ஓட்டிப் போனது நான். அந்த நிலையில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பழைய கோடு மட்டும்தான் வரும். கோளாறு நடக்கும் அந்த நொடியில் அளவு தெரிய வேண்டும்.

ஒரு மெக்கானிக் நண்பரிடம் ஏர்பேக் மாடியூலைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தது. (500, 600 ரூபாய்க்கு விற்கும் ப்ளூடூத் டாங்கிளை நம்பி இறங்க வேண்டாம். பெரும்பாலும் இன்ஜின் கோடோடு அது நின்றுவிடும்.) எங்கள் அதிர்ஷ்டம், என் காரில் ஒவ்வொரு சுற்றின் ஓம் அளவையும் நேரடியாகக் காட்டியது. எல்லாக் காரிலும் இது கிடைக்காது. கிடைக்காவிட்டால் கோடை அழித்து, நகர்த்தி, மறுபடி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

ஸ்கேனரை மாட்டியதும் 2.1 ஓம். சீட்டை மெதுவாக முன்னால் இழுத்தேன். பாதி தூரத்தில் 2.6. சீட் தண்டவாளத்தின் கடைசி 2 பல்லில் 3.9, 5.2, திரும்ப 3.4 என்று எண் தவித்தது. லைட் எரிந்தது. பின்னால் தள்ளியதும் 2.1க்கே வந்து நின்றது.

கோளாறு கண்ணெதிரே தெரிந்துவிட்டது. கனெக்டருக்கு எந்தப் பக்கம் என்பது அடுத்த கேள்வி. இக்னிஷனை ஆஃப் செய்து பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினோம். மாடியூலுக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் 90 நொடி, சிலர் 3 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நாங்கள் 10 நிமிடம் விட்டோம். பிறகு மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, தரையிலிருந்து வரும் பாதியில் 2.2 ஓம் ரெசிஸ்டரை மாட்டினோம். அதன் கால் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த கம்பியைச் சொருகினால் உள்ளே இருக்கும் பிடி விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வந்துவிடும். திரி இருக்கும் பாதியை மல்டிமீட்டரால் தொடவே இல்லை. சர்வீஸ் புத்தகங்கள் அதைக் கூடாது என்றுதான் சொல்கின்றன. பேட்டரியை மாட்டி, காருக்குள் யாரும் உட்காராமல், வெளியிலிருந்தே கையை நீட்டி இக்னிஷனைப் போட்டோம்.

2.3 ஓம். சீட்டை 20 தடவை முன்னும் பின்னும் தள்ளினேன். 2.3ஐ விட்டு எண் அசையவில்லை. தரை ஒயரும் மாடியூலும் நன்றாக இருக்கின்றன என்பது அதோடு உறுதியானது. சர்வீஸ் சென்டரின் இரண்டாவது பயமும் போனது.

மிச்சம் இருந்தது கனெக்டரின் தொடுப்பும் பக்கிளின் குட்டை ஒயரும். கீழே படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கனெக்டரை சீட் சட்டத்தோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. சீட்டைக் கழற்றிக் கவர் போட்டவர்கள் அதை அப்படியே தொங்கவிட்டிருக்கிறார்கள். சீட் முன்னால் போகும்போது ஒயர் விறைத்து, கனெக்டரின் இரண்டு பாதியையும் கோணலாக இழுக்கிறது. ஒரு பின்னின் பளபளப்பு மங்கிப் பழுப்பேறியிருந்தது, நாளெல்லாம் உரசிய இடம். மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, 'டிக்' என்று பூட்டு விழும்வரை மாட்டினோம். ஒயருக்குத் தாராளமாகத் தொய்வு விட்டு, கனெக்டரைச் சட்டத்தோடு பிளாஸ்டிக் டையால் கட்டினோம். 2.0 ஓம். முழுக்க முன்னால் இழுத்தும் 2.0.

8 மாதம் ஆகிறது, லைட் வரவில்லை. ஒரு மழைக்காலம்தான் தாண்டியிருக்கிறது, அதனால் இதோடு தீர்ந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். திரும்ப வந்தால் அடுத்தது சால்டர் இல்லை, புதுக் கனெக்டர்தான்.

சர்வீஸ் சென்டர் வழி சரியாக இருக்கும் இடமும் உண்டு. ஏற்கெனவே விபத்தில் வெடித்த ப்ரீடென்ஷனர் என்றால் பேச்சே இல்லை, அது ஒரு தடவைக்கான பொருள், மாற்றத்தான் வேண்டும். ரெசிஸ்டர் வைத்தால் அளவு நிலையாக இருந்து, கனெக்டரைச் சுத்தம் செய்த பிறகும் திரியை மாட்டியதும் ஏறினால் அப்போதும் முழு செட்தான். 'கிரவுண்டோடு ஷார்ட்' (ஒயர் கார் பாடியைத் தொடுகிறது) என்று கோடு வந்தால் சீட் தண்டவாளத்தில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், ஆனால் அந்த வகையை நான் கையால் சரிசெய்ததில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சோதனைக்கு வைத்த ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டால் லைட் எரியாது. விபத்தில் பெல்ட்டும் இழுக்காது. பழைய கார் விற்கும்போது இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் இக்னிஷனைப் போட்டதும் அந்த லைட் எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள், எரியவே எரியாவிட்டால் பல்பையே எடுத்திருக்கலாம். பிறகு குனிந்து, டார்ச் அடித்து, மஞ்சள் கனெக்டர்கள் இரண்டு பாதியும் சேர்ந்து இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

சீட்டைக் கழற்றும் எந்த வேலைக்கு விட்டாலும் இப்போது நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அந்த கனெக்டரைக் கட்டி, சீட்டை ஒரு முறை முழுக்க முன்னால் இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.