பழைய லாரிக்குக் கை ஸ்லாக்கா, ஆட்டோ ஸ்லாக்கா?

பிரேக்கில் இருக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் (சுருக்கமாக ஸ்லாக்) கையால் இறுக்கும் வகையாக இருக்கட்டுமா, தானே இறுகும் ஆட்டோ வகையாக இருக்கட்டுமா என்பதுதான் கேள்வி. முதலில் ஒன்று: காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக் லாரியில் பெடலை நம்பக் கூடாது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியில் கோளாறு வந்தால் பெடல் கீழே இறங்கும், காலுக்குத் தெரிந்துவிடும். லாரியில் காலை எதிர்த்து நிற்பது வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உரசிப் பிடிக்கும் லைனிங்குக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு கூடினாலும் பெடல் அப்படியேதான் இருக்கும். சமதளத்தில் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். தொப்பூர் கணவாயில் முழுச் சரக்கோடு இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். டிரம் சூடாகி விரியும். காற்று நிரம்பும் சேம்பர் என்ற டப்பாவிலிருந்து பிரேக்கை இயக்க வெளியே வரும் தண்டு தன் எல்லையில் போய் முட்டும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

அந்த இடைவெளியைச் சரிசெய்யும் கருவிதான் ஸ்லாக் அட்ஜஸ்டர். பழைய வண்டிகளில் இருப்பது ஸ்பேனரால் இறுக்கும் வகை. விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். டிரம் ஆறியிருக்கும்போது ஸ்லாக்கின் திருகில் இருக்கும் பூட்டு வளையத்தை அமுக்கி, லைனிங் ஒட்டிய ஷூ டிரம்மைத் தொடும்வரை திருகைத் திருப்பி, பிறகு கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை தளர்த்தினால் வேலை முடிந்தது. சூட்டோடு இறுக்கினால், ஆறியதும் லைனிங் உரசிக்கொண்டே ஓடும். கருவியில் குறை இல்லை. வண்டிக்கு அடியில் யார் படுப்பது என்பதுதான் சிக்கல். ஓட்டுநர் அடிக்கடி மாறும் வண்டியில், முந்தைய ஆள் பார்த்திருப்பார் என்றே ஒவ்வொருவரும் கிளம்புகிறார்கள்.

ஆட்டோ ஸ்லாக் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1994 அக்டோபரிலிருந்து தயாராகும் ஏர் பிரேக் வாகனங்களில் இது கட்டாயம். ஆனால் விலை அதிகம். பொருத்தும் கோணமும் தாங்கியும் தயாரிப்பாளர் சொன்னபடி அமைய வேண்டும்; இல்லாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கும் அல்லது இறுக்கவே இறுக்காது. இதில் எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. தண்டு நீளமாக வருவதைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து ஆட்டோ ஸ்லாக்கையும் இறுக்கிவிடுவது. ஆட்டோ ஸ்லாக் இருந்தும் தண்டு நீள்கிறது என்றால் தண்டை ஸ்லாக்கோடு இணைக்கும் பின்னோ, ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷோ, ஸ்லாக்கின் உள் உறுப்போ தேய்ந்திருக்கிறது என்று பொருள். இறுக்கினால் நோய் சில நாள்கள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் எதை வாங்குவதற்கு முன்பும் சோதனை முக்கியம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டேங்கில் காற்று நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். சேம்பர் வாயருகே தண்டில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். 30 சதுர அங்குலச் சாதாரண சேம்பரில் தண்டு அதிகபட்சம் 2.5 அங்குலம் நகரும். 2 அங்குலத்தைத் தாண்டினால் வண்டியை எடுக்கக் கூடாது. மிதித்திருக்கும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் சீறல் கேட்டால் அங்கே சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். மிதிக்காதபோது கேம் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் முதலில் புஷ் மாற்ற வேண்டும். தண்டின் அளவு சரியாக இருந்தும் பிடிப்பு இல்லையா? சக்கரத்தின் நடுவே கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஹப் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் ஏறியிருக்கலாம். அதைக் கழுவிப் பயனில்லை. சீலை மாற்றி, அச்சின் இரு பக்கமும் புது லைனிங் போடுங்கள். டிரம்மை லேத்தில் கடைவதென்றால் அதில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும் என்பதால் அந்த எல்லைக்கு அருகே வந்ததையே நான் ஒதுக்கிவிடுவேன்.

தானே ஓட்டும் உரிமையாளர், அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பாதவர் என்றால் கை ஸ்லாக்கே போதும். கூலி ஓட்டுநர்களை நம்பி மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு, விலையைப் பார்க்காமல் ஆட்டோ ஸ்லாக் போடுவேன். பணம் பாதிக்குத்தான் இருக்கிறதென்றால் பின் அச்சில் இரு பக்கமும் மாற்றலாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் கை, மறு பக்கம் ஆட்டோ என்று மட்டும் வேண்டாம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றிச் சில நாள்கள் ஓட்டிய பிறகு மறுபடியும் சுண்ணக்கட்டியோடு அடியில் போய்த் தண்டை அளக்க வேண்டும். அளவு நீண்டுகொண்டே போனால் பொருத்தியவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.