பழைய ஐஸ்பெட்டிக்கும் அடுப்புக்கும் புதுத் தோற்றம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எது நிற்கிறது, எது உரிகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து குடிபெயர்ந்தபோது லோரியில் ஏற்றிக் கொண்டுவந்த சமையலறைச் சாமான்கள் இன்றும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐஸ்பெட்டி நன்றாகக் குளிர்கிறது, பிளெண்டர் சட்னி அரைக்கிறது, அடுப்பு எரிகிறது. ஆனால் ஒன்றின் அடிப்பாகம் துருவேறியிருக்கிறது, இன்னொன்றின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. பழைய இரும்பு வாங்க வரும் லோரிக்காரர் இவற்றுக்குத் தருவது சில வெள்ளிதான் (ரிங்கிட்), புதியதாக ஓர் ஐஸ்பெட்டி வாங்கவோ ஆயிரம் வெள்ளிக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. 2021-இல், ஹார்ட்வேர் கடையிலும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் கிடைத்த பொருள்களை வைத்து, ஐஸ்பெட்டி, கேஸ் அடுப்பு, பிளெண்டர் ஆகிய மூன்றையும் நானே சீர்ப்படுத்தினேன். மொத்தச் செலவு நூறு வெள்ளியை ஒட்டியே இருந்தது.

இத்தகைய வேலையைச் செய்த மறுநாள் எடுத்த படத்தைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதத்தில் எல்லாம் புதிதாகத்தான் தெரியும். நம் ஊரின் ஈரக்காற்றும், நாள்தோறும் எழும் தாளிப்புப் புகையும், கைகளின் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து தம் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். நான்கு ஆண்டு கழிந்து நான் கண்டது இது: எந்தப் பொருளைப் பூசினோம், எந்தத் தாளை ஒட்டினோம் என்பதைக் காட்டிலும், அந்த இடத்தில் தண்ணீர் படுகிறதா, சூடு ஏறுகிறதா, கை படுகிறதா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரே ஐஸ்பெட்டியின் அடிப்பாகத்துக்கும் கதவுக்கும் பக்கச் சுவருக்கும் வெவ்வேறு மருத்துவம் தேவைப்படுகிறது.

எந்தச் சாமானுக்கு இந்த உழைப்பு தகும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஐஸ்பெட்டியின் கதவு ரப்பருக்கு இடையில் ஒரு வெள்ளி நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி, நோட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது பிடிப்பு இருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாக வெளியேறுகிறது. ரப்பரின் மடிப்புகளைச் சோடா உப்புக் கரைசலில் பழைய பல்துலக்கியைத் தோய்த்துத் தேய்த்துக் கழுவினாலே பல பெட்டிகளில் பிடிப்பு திரும்பிவிடுகிறது. கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுகிற பெட்டிக்கும், தொட்டால் கையில் மின்சாரம் உறைக்கிற பெட்டிக்கும் அலங்காரம் செய்வது வீண். மிகப் பழைய பெட்டி கூடுதல் மின்சாரம் குடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனால், ஒட்டுத்தாளுக்குச் செலவிடும் காசைப் புதுப் பெட்டிக்கான சேமிப்பில் போடுவதே நல்லது.

பாமாயில் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டு மாமா, நான் சாயம் வாங்கி வந்ததைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய்ப் பசையை எடுத்துட்டியாம்மா?" என்பதுதான். ஐஸ்பெட்டியின் தலைப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கும். கடுகும் மிளகாயும் தாளித்த எண்ணெய்ப் புகை அங்கே படிந்து, தூசியோடு கலந்து, அரக்கைப் போல இறுகியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து இருமுறை கழுவிய பின், உலர்ந்த பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயால் துடைப்பது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். அழுக்கை அது கரைத்தாலும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கிறது, அதன் மேல் எதுவும் பிடிக்காது.

இனி ஐஸ்பெட்டியின் அடிப்பாகம். சமையலறைச் சிமெண்டுத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் லயத்து வீடுகளிலிருந்து நம்மோடு வந்தது. அந்தத் தண்ணீர் பெட்டியின் அடித்தகட்டிலும் கால்களிலும் தேங்கித் துருவை வளர்க்கிறது. பிளக்கைக் கழற்றி, பெட்டியை வெளியே நகர்த்தி, பின்புறத்துக் கம்ப்ரசரையும் கம்பிகளையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன். பிறகு 120 எண் உப்புத்தாளாலும் அதன் பின் 320 எண் உப்புத்தாளாலும் தேய்த்தேன். குழிகளில் மிச்சமிருந்த துருவின் மேல் டேனிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினேன். செம்பழுப்பாக இருந்த இடம் கண்ணெதிரே கருநீலமாக மாறத் தொடங்கி, சற்று நேரத்தில் முழுக் கறுப்பாயிற்று. துருவிலுள்ள இரும்பு அமிலத்தோடு சேர்ந்து இரும்பு டேனேட் ஆகும்போது வரும் நிறம் அது. அது நன்கு உலர்ந்த பின் ரெட் ஆக்சைடு பிரைமரும், அதன் மேல் வெள்ளை எனாமல் ஸ்பிரேயும் அடித்தேன்.

நான்கு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் துரு மீண்டும் தலைகாட்டவில்லை, பின்மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொப்புளம் எழுந்ததைத் தவிர. இதற்கான பெருமை முழுவதையும் சாயத்துக்குக் கொடுக்க முடியாது. வேலை முடிந்ததும் பெட்டியைப் பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் ஏற்றி வைத்தோம், கழுவும் தண்ணீர் இப்போது அடித்தகட்டைத் தொடுவதே இல்லை. சாயம் அடிக்க நேரமில்லாதவர்கள் ஸ்டாண்டை மட்டுமாவது வாங்கிப் போடலாம் என்பேன்.

ஸ்பிரே அடிக்கும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குப்பியின் மேல் எழுதியிருப்பது நம் தட்பவெப்பத்தை நினைத்து எழுதியதன்று. காற்றில் ஈரம் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது அடித்தால், சாயத்திலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பளபளப்பு போய்ப் பால்நிற மங்கல் உண்டாகிறது. நம் ஊரில் அதிகாலை மிக ஈரமான பொழுது. பிற்பகலிலோ, குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், இடியோடு மழை இறங்கிவிடும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் நண்பகல் கடக்கும் வரை உள்ள பொழுதே உகந்தது, அதுவும் நேர் வெயில் படாத நிழலில். குப்பியை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே தடவையில் கனமாகப் பூசாமல், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை அன்றே வந்துவிட்டாலும், சாயம் உண்மையில் இறுகுவதற்கு ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை அதன் மேல் பாத்திரம் எதையும் சாய்த்து வைக்கக் கூடாது. குப்பிக்குள் இருக்கும் உந்துவாயு எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால், கேஸ் தோம்பும் (சிலிண்டர்) எரியும் அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் இடத்துக்கு அருகில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கதவுகளுக்கு நான் சாயம் அடிக்கவில்லை, வினைல் ஒட்டுத்தாளை ஒட்டினேன். கதவில் கீறல்கள் மட்டுமே இருந்தன, துரு இல்லை. பிடிக்காமல் போனால் உரித்துவிடலாம் என்ற வசதியும் ஒட்டுத்தாளில் உண்டு. பாசார் மாலாமில் கிடைக்கும் சுருள்களில் பெரும்பாலானவை 45 செ.மீ. அகலம் கொண்டவை, ஆனால் இரண்டு கதவு ஐஸ்பெட்டியின் கதவு பொதுவாக 55 செ.மீ. அளவில் இருக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் நடுவில் வரும் தையலில் அழுக்கு கோடாகப் படிந்துவிடும். ஆதலால் 60 செ.மீ. அகலத் தாளைத் தேடி வாங்கினேன். கதவின் மேல் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து, தாளை மேலிருந்து கீழாக இறக்கி, துணி சுற்றிய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரையும் காற்றையும் தள்ளிக்கொண்டே வந்தால் கொப்புளம் விழாது. வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடேற்றினால் தாள் இளகிப் படியும்.

கதவின் நடுப்பரப்பு இன்றும் ஒட்டிய அன்று இருந்தபடியே இருக்கிறது. ஓரங்களின் கதை வேறு. பிடி இருக்கும் பக்கத்தில், ஈரக் கையால் இழுத்துத் திறக்கும் இடத்தில், இரண்டாம் ஆண்டே தாள் எழும்பத் தொடங்கியது. எழும்பிய விளிம்பில் பசை கறுத்து, மஞ்சள்தூள் கறையும் சேர்ந்துகொண்டது. மேல்கதவில் தாளை விளிம்போடு மடித்து உள்பக்கம் வரை கொண்டுசென்றிருந்தேன், கீழ்க்கதவில் விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே வெட்டி நிறுத்தியிருந்தேன். மடித்த கதவுதான் முதலில் உரிந்தது. வெட்டி நிறுத்திய கதவு அசையவில்லை. மடித்தால்தான் நேர்த்தி என்று பலரும் சொல்வார்கள், ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் அது நிலைக்கவில்லை. மடித்த தாள் கதவு ரப்பர் பொருந்தும் இடம் வரை போய்விட்டால், கதவு சரியாகச் சாத்தாது என்ற ஆபத்தும் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பளிங்குக் கோலமிட்ட தாளைக் கீழ்க்கதவுக்கும், ஒற்றை நிற மங்கல் பச்சையை மேல்கதவுக்கும் ஒட்டியிருந்தோம். பளிங்குத் தாளில் விரல் தடமும் எண்ணெய்த் துளியும் கோலத்தோடு கலந்து மறைந்துவிடுகின்றன, பச்சையிலோ ஒவ்வொன்றும் தெரிகிறது. அம்மாவுக்குப் பச்சைதான் பிடித்தது. அழுக்கு தெரிந்தால்தான் துடைக்க முடியும் என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

பக்கச் சுவர்களில் எதையும் ஒட்ட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பின்புறத்தில் கறுப்புக் கம்பிக்கூடு தெரியாத பெட்டிகளில், வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பெரும்பாலும் பக்கத் தகட்டின் உட்புறத்தில்தான் ஓடுகின்றன. கம்ப்ரசர் ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். அங்கே ஒட்டிய தாளின் பசை இளகி வழுக்கும், வெப்பம் வெளியேறுவதும் தடைபடும். தட்டு மாட்டுவதற்காக அந்தச் சுவரில் துளை போடுவது இன்னும் கேடானது: குழாயில் ஓட்டை விழுந்தால் குளிர்வாயு முழுவதும் போய்விடும், ஆர்600ஏ எனக் குறிக்கப்பட்ட பெட்டிகளில் அந்த வாயு தீப்பற்றக் கூடிய ஐசோபியூட்டேன் ஆகும். காந்தம் வைத்த தட்டு போதும்.

கேஸ் அடுப்பில் நான் சாயம் பூசியது வெளிச்சட்டத்துக்கும் கால்களுக்கும் மட்டுமே, அதுவும் வெப்பம் தாங்கும் வெள்ளிநிற ஸ்பிரேயால். அடுப்பை முதன்முறை பற்றவைத்தபோது சற்றே புகைந்து நெடியடித்தது, சன்னல்களைத் திறந்து வைத்தபின் அடங்கிவிட்டது. பர்னருக்கு அருகிலுள்ள பூச்சு ஓராண்டுக்குள் செதில் செதிலாக எழுந்தது, தள்ளியிருந்த கால்கள் நன்றாக இருக்கின்றன. கொதித்து வழியும் சாம்பாருக்கும் தேய்க்கும் கம்பி நாருக்கும் எந்த ஸ்பிரேயும் ஈடுகொடுக்காது போலும். அடுப்புக்குப் புதுமுகம் தந்தது உண்மையில் பித்தளை பர்னர் மூடிகள்தாம். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ததும் மூடிகள் பொன்போல் மின்னின, மஞ்சளாக எரிந்த சுடரும் நீலமாயிற்று. அதற்குச் செலவு ஒரு காசுகூட இல்லை. விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயையும் அதே வேளையில் சிரிம் (மலேசியத் தரச் சான்றிதழ் அமைப்பு) முத்திரை பெற்ற புதுக் குழாயாக மாற்றினோம். அழகு வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிளெண்டரின் பழுப்பேறிய அடிப்பகுதியை வெளுக்கச் செய்தது மூன்றிலும் மனத்துக்கு மிக நிறைவு தந்த வேலை. முடிக்குச் சாயமிடும் கடைகளில் விற்கும் 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைக் கையுறை அணிந்து சீராகப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி வெயிலில் வைத்தேன். மோட்டாருக்குள் ஈரம் இறங்காதிருக்க வெளிக்கூட்டைத் தனியே கழற்றியிருந்தேன். நம் ஊர் வெயிலுக்கு மாலைக்குள் பழுப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. ஒரே பக்கம் வெயில் பட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும் என்பதால் அடிக்கடி திருப்பி வைத்தேன். ஆனால் இந்த வெண்மை நிலையானதன்று. இரண்டாம் ஆண்டிலேயே இளமஞ்சள் திரும்பத் தொடங்கியது, இப்போது பழைய நிலையில் பாதியளவு பழுப்பு இருக்கிறது. செலவு குறைவு என்பதால் மறுபடி செய்ய எனக்குத் தயக்கமில்லை.

உணவு நேரடியாகத் தொடும் எதற்கும், அதாவது சோறு வேகும் குக்கரின் உள்பாத்திரத்துக்கும் கிரைண்டரின் உருளைக்கும், சாயமோ தாளோ கூடவே கூடாது. மைக்ரோவேவ் அடுப்பை நாங்கள் திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கி உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும்.

தீபாவளிக்கு முன்பாக மேல்கதவின் தாளை மாற்றவிருக்கிறேன். ஹேர் டிரையரால் சூடேற்றி ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் தாள் கிழியாமல் வருகிறது, தங்கிய பசையைச் சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்துவிட்டு, அந்த எண்ணெயையும் சோப்பால் கழுவ வேண்டும். இம்முறையும் பச்சைதான், விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே நிறுத்தி, பிடிப் பக்கத்து ஓரத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாக ஓட்டிவிடப் போகிறேன். கீழ்க்கதவில் கையை வைக்கும் ஒரு சாண் நீளத்துக்கு 2022-இல் அவ்வாறு பூசியிருந்தேன், அந்த இடத்தில் இன்றுவரை தாள் எழும்பவில்லை.